பிர்ச் மரம் களையா?

களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பார்கள் நம் ஊரில். கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வனத் துறை இந்தப் பழமொழியைக் கேட்டிருக்காது. ஆனாலும் 1980களில் ஏறக்குறைய இதையே விதியாக எழுதி வைத்திருந்தது. பழங்காட்டை ஒரு மரம் மிச்சமில்லாமல் வெட்டு. வெட்டிய இடத்தில் விலை போகும் மரத்தின் கன்றை நடு. அதைச் சுற்றி வேறு எது முளைத்தாலும் களை. அதை வெட்டு, இல்லையென்றால் களைக்கொல்லி தெளி. நட்ட கன்று போட்டியில்லாமல் தலைதூக்கி நின்ற பிறகுதான் மரக் கம்பெனியின் கடமை முடிந்தது என்று கையெழுத்தாகும்.

அந்தக் களைப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது பிர்ச் மரம். வெள்ளைப் பட்டை, அது காகிதம்போல உரிந்து சுருளும். நமக்கு அத்தனை அந்நியமான மரமும் இல்லை. இதன் பங்காளி ஒன்று இமயமலையில் இருக்கிறது. பூர்ஜம் என்று பெயர். காஷ்மீரத்தில் சுவடி எழுதியது அதன் பட்டையில்தான். பிர்ச், பூர்ஜம் என்ற இரண்டு சொல்லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

பிர்ச் உண்மையிலேயே களைதானா என்று ஓர் இளம் வனப் பணியாளர் கேட்டார். அவர் பெயர் சூசன் சிமார்ட். விடை தேடி மண்ணுக்குக் கீழே போனவர் நாற்பது ஆண்டுகளாக மேலே வரவில்லை என்றே சொல்லலாம். இடையில் உலகம் அவரை ‘மரங்கள் பேசுகின்றன என்று கண்டுபிடித்த அம்மா’ ஆக்கிவிட்டது. டெட் மேடை, விற்பனையில் சக்கைப்போடு போட்ட புத்தகம், ‘அவதார்’ படத்துப் பெருமரத்தோடு ஒப்பீடு, ரிச்சர்ட் பவர்ஸ் எழுதிப் புலிட்சர் பரிசு வாங்கிய ‘தி ஓவர்ஸ்டோரி’ நாவலில் அவர் சாயலில் ஒரு பாத்திரம் என்று புகழ் வளர்ந்தது. 2023இல் சக விஞ்ஞானிகளிடமிருந்து கடுமையான மறுப்பும் வந்தது. அந்த மறுப்பை எழுதிய மூவரில் ஒருவர், சிமார்டைப் புகழேணியில் ஏற்றிய ஆய்வுக் கட்டுரையிலேயே அவரோடு கையெழுத்திட்டவர்.

ஆகவே இந்தக் கதையைப் பாராட்டுரையாக மட்டும் எழுதிவிட முடியாது.

குழிக்குள் ஒரு நாய்

சிமார்ட் 1960இல் பிறந்தார். குடும்பத்தொழிலே மரம் வெட்டுவது. ஆனால் தாத்தா காலத்து வெட்டு வேறு. தேர்ந்தெடுத்த மரத்தை மட்டும் சாய்த்து, குதிரை பூட்டி இழுத்து, ஏரியிலும் ஆற்றிலும் மிதக்கவிட்டுக் கொண்டுபோவார்கள். வெட்டிய இடத்தில் காடு காடாகவே நிற்கும். சின்ன வயதில் காட்டு மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் தனக்கு இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மண் தின்னும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் பூச்சி மருந்து கொடுப்பார்கள். இவருக்கு அது தொழிலாகிவிட்டது.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். மேபல் ஏரிக்கரையில் குடும்பம் தங்கியிருந்தபோது ஜிக்ஸ் என்ற பீகிள் நாய் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிட்டது. அதை மீட்க ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு பக்கவாட்டில் பள்ளம் தோண்டினார்கள். குழந்தை சூசன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். தோண்டத் தோண்ட அடுக்கடுக்காக நிறம் மாறியது. மேலே மட்கிய இலைக்கறுப்பு, கீழே வெளுத்த மண், அதற்கும் கீழே துருச் சிவப்பு. எல்லாவற்றையும் தைத்துக்கொண்டு போன வேர்கள், வேரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் நூல்கள். நாய் பிழைத்தது. காட்டின் அடிப்பாகத்தைத் தான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான் என்கிறார் சிமார்ட்.

வனவியல் படித்துக்கொண்டிருந்தபோது, இருபது வயதில், லில்லூவெட் என்ற மலையூரில் ஒரு மரக் கம்பெனியில் பருவகால வேலைக்குச் சேர்ந்தார். நட்ட கன்றுகள் பிழைத்தனவா என்று பார்த்து எழுதுவது வேலை. பல கன்றுகள் மஞ்சளடித்துப் போயிருந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். நாற்றங்காலில் எந்த அச்சில் வளர்ந்ததோ அதே அச்சில் வேர் கட்டியாக இருந்தது. மண்ணுக்குள் நீளவே இல்லை. பக்கத்தில் தானாக முளைத்திருந்த காட்டுக் கன்று ஒன்றையும் பிடுங்கினார். அது எளிதில் வரவில்லை. வந்தபோது வேர்நுனியெல்லாம் நிறநிறமாய்ப் பூஞ்சை இழைகள் ஒட்டியிருந்தன. ஒரே மண், ஒரே மழை. ஒன்று சாகிறது, ஒன்று செழிக்கிறது.

பிறகு அவர் நடத்திய ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டு கன்றுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

மன்னர் கேட்டது காளான்

வேரோடு பூஞ்சை சேர்ந்து வாழ்வது அப்போதே நூறாண்டுப் பழைய செய்தி. மண்ணுக்கடியில் கிடைக்கும் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைப் பயிரிட வழி கண்டுபிடிக்கும்படி பிரஷிய அரசு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரைக் கேட்டுக்கொண்டது. மன்னரின் சாப்பாட்டு மேசைக்கு ட்ரஃபிள் வந்ததோ இல்லையோ, 1885இல் மைக்கோரைசா என்ற சொல் வந்து சேர்ந்தது. கிரேக்கத்தில் மைக்கோ என்றால் பூஞ்சை, ரைசா என்றால் வேர். மரத்தை நோயாக்கும் ஒட்டுண்ணி என்று பலர் நினைத்ததை, இல்லை, இது கொடுக்கல் வாங்கல் என்றார் ஃபிராங்க்.

பூஞ்சைக்கு வெயிலைச் சாப்பாடாக்கத் தெரியாது. மரத்துக்குத் தெரியும். ஆனால் மரத்தின் வேர் பருமன். மண் துகள்களின் சந்துபொந்துகளில் அதனால் நுழைய முடியாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூஞ்சை இழை நுழையும். அது நீரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் கொண்டுவந்து கொடுக்க, மரம் சர்க்கரையைக் கொடுக்கிறது. இந்த ஒப்பந்தத்துக்கு வயது 40 கோடி ஆண்டுக்கும் மேல். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, செடிகள் கரையேறிய ஆரம்பகாலப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டாளி இருக்கிறது. அப்போது செடிகளுக்குச் சரியான வேர்கூட உருவாகியிருக்கவில்லை.

நம் விவசாயிகளில் பலர் இதைக் கையால் தொட்டிருக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகம் உயிர் உரமாகப் பரிந்துரைக்கும் ‘வேம்’ என்ற வேர் உட்பூசணம் இதே குடும்பத்துச் சரக்குதான். நெல்லுக்கும் வாழைக்கும் உதவும் இந்த வகை வேர்ச் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். பைன், ஃபிர், பிர்ச் மரங்களோடு சேருவது வேறு வகை. வேர்நுனிக்கு வெளியே உறைபோலச் சுற்றிக்கொள்ளும். ஊட்டி பைன் தோப்புகளில் மழை விட்டதும் வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் காளான் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த மண்ணுக்கு உரியதல்ல, பைனோடு வந்த துணை. தன் பூஞ்சை இல்லாத மண்ணில் பைன் தேறாது. (அழகாய் இருக்கிறதே என்று பறித்துவிட வேண்டாம். நஞ்சு.)

மொய்க் கணக்கு

படிப்பு முடித்து 1990 வாக்கில் சிமார்ட் மாகாண வனத் துறையில் கம்லூப்ஸ் நகரில் ஆய்வாளராகச் சேர்ந்தார். களையை ஒழித்தால் கன்று எவ்வளவு வேகமாக வளரும் என்று அளந்து சொல்வதே உத்தியோகம். அளந்தார். சில இடங்களில் பிர்ச்சை வெட்டினால் பக்கத்தில் நட்ட டக்லஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் கொஞ்சம் வேகமாக வளர்ந்தது உண்மைதான். பிர்ச் போட்டி போடவே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் பிர்ச்சை ஒட்டக் களைந்த இடங்களில் ஃபிர் கன்றுகள் ஆர்மிலேரியா என்ற வேரழுகல் நோயில் அதிகமாகச் செத்தன. களை இல்லை, கன்றும் இல்லை. வனத் துறையின் கணக்கில் இப்படி ஒரு பத்தியே கிடையாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டேவிட் ரீடின் குழு ஒரு பைன் கன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பூஞ்சை வழியே கார்பன் போவதை ஆய்வகத்தில் காட்டியிருந்தது. ஆய்வகத் தொட்டியில் நடப்பது காட்டில் நடக்குமா? அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெரியிடம் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது.

சோதனையின் எளிமை இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. பிர்ச், டக்லஸ் ஃபிர், சிவப்பு சிடார் ஆகிய மூன்று கன்றுகளையும் காட்டில் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தார். முதல் இரண்டுக்கும் ஒரே வகைப் பூஞ்சைகள் சேரும். சிடார் வேறு சாதி. நெல்லோடு சேரும் வகைப் பூஞ்சைதான் அதற்குப் பிடிக்கும், இவர்கள் வலையில் சேராது. கன்றுகளின் தலையில் பிளாஸ்டிக் பை. பிர்ச் பைக்குள் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த கரியமில வாயு, ஃபிர் பைக்குள் கதிரியக்கமில்லாத கார்பன்-13 கலந்த வாயு. யார் கொடுத்தது யாரிடம் போகிறது என்று பிரித்துச் சொல்லத்தான் இரண்டு அடையாளம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டு மொய்யைச் சிவப்பு மையிலும் பெண் வீட்டு மொய்யை நீல மையிலும் எழுதுகிற மாதிரி.

பையும் ஒட்டுநாடாவும் நிழல்வலையும் வாங்கியது கனடியன் டயர் என்ற கடையில்; நம் ஊர் ஹார்டுவேர் கடைபோல எல்லாம் கிடைக்கும் இடம். கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியும் நிறை நிறமாலைமானியும் பல்கலைக்கழகத்தில் இரவல். சுவாசக் கவசத்தை மறக்காமல் கொண்டுபோனவர் அதற்கு வேண்டிய வடிகட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டார். கரடியை விரட்டும் தெளிப்பானையும் காணோம். முதல் நாளே குட்டியோடு ஒரு தாய் கிரிஸ்லி கரடி வந்து அவரைத் துரத்தியது. கரடி போன பிறகு மறுபடி வந்து, ஊசியால் வாயுவைச் செலுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

கைகர் கருவியைப் பிர்ச் இலைமேல் வைத்தார். கரகரவென்று சத்தம். எதிர்பார்த்ததுதான். ஃபிர் மேல் வைத்தார். அங்கேயும் கரகர. சிடார் மேல் வைத்தார். சத்தமே இல்லை.

ஆய்வு முடிவு 1997 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கார்பன் இரு பக்கமும் போகிறது. ஆனால் கூட்டிக் கழித்தால் ஃபிர்ருக்கே லாபம். சராசரியாக, ஒளிச்சேர்க்கையில் ஈர்த்த கார்பன் அடையாளத்தில் 6 சதவீத அளவு. ஃபிர்ருக்கு நிழல்வலை கட்டி வெயிலைக் குறைத்தால் வரவு கூடியது. யாருக்கு இல்லையோ அவர் பக்கம் அதிகம் போகிறது. பின்னாளில் அவருடைய மாணவி லியான் ஃபிலிப் செய்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: கோடையில் பிர்ச் கொடுக்கிறது, பிர்ச் இலையில்லாமல் நிற்கும் பருவத்தில், பசுமை மாறாத ஃபிர் திருப்பிக் கொடுக்கிறது. மொய் என்றேனே, அது வெறும் உவமை இல்லை.

‘நேச்சர்’ அட்டையில் போட்ட தலைப்புதான் சிமார்டின் தலையெழுத்தை மாற்றியது. உலகளாவிய வலை என்று இணையம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். அதே எதுகையில் ‘வுட் வைட் வெப்’, காடளாவிய வலை என்று போட்டுவிட்டார்கள். ஆறு பேர் கையெழுத்திட்ட, எச்சரிக்கையான நடையில் எழுதிய கட்டுரை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தது இந்த மூன்று சொல்தான்.

தாய்மரம்

2002இல் அரசு வேலையை விட்டு வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கெவின் பெய்லர் என்ற மாணவர் 30 மீட்டருக்கு 30 மீட்டர் அளவுள்ள ஒரு டக்லஸ் ஃபிர் காட்டுத் துண்டில் வேர்நுனிகளை எடுத்து மரத்துக்கும் பூஞ்சைக்கும் மரபணு பார்த்தார். தேடியது ரைசோபோகன் என்ற பூஞ்சையின் இரண்டு இனங்களை. மண்ணுக்குள்ளேயே காய்க்கும், அணில் தோண்டித் தின்று வித்தைப் பரப்பும். 67 மரங்கள். அவற்றில் ஒரு பெரிய மரத்தின் பூஞ்சைகள் 47 மரங்களோடு சேர்ந்திருந்தன. பெரிய, வயதான மரங்களுக்கே தொடர்பு அதிகம். 2010இல் வெளிவந்த அந்த வரைபடம் விமானக் கம்பெனிகளின் தடப் படம்போல் இருக்கும்; பெரிய வட்டங்களிலிருந்து கோடுகள் சிதறும்.

அந்தப் பெரிய வட்டங்களுக்குச் சிமார்ட் வைத்த பெயர் தாய்மரம். அடுத்தடுத்த சோதனைகளில் தன் சொந்த விதையிலிருந்து முளைத்த கன்றுக்கு மரம் கூடுதலாகக் கொடுக்கிறதா, பூச்சி கடித்த மரம் அடுத்ததற்கு எச்சரிக்கை அனுப்புகிறதா என்றெல்லாம் கேட்டார்கள். ஆமாம் என்ற திசையில் முடிவுகள் வந்தன. பெரும்பாலும் பசுமைக்குடிலில், தொட்டிச் செடிகளில்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். வேம்புக்கு மஞ்சள் துணி சுற்றுகிறவர்கள் நாம். ஆலும் அரசும் நமக்கு ஏற்கெனவே தாத்தா பாட்டி. தாய்மரம் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் அங்கே புருவம் உயர்கிறது. நம்மிடம் சொன்னால் ‘இதுதான் எங்களுக்குத் தெரியுமே’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். சான்று என்ன என்று கேட்க மறந்துவிடுவோம்.

கேட்டவர்கள் மூவர். அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் கார்ஸ்ட், மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஜேசன் ஹூக்செமா, 1997 கட்டுரையின் ஆறு பேரில் ஒருவரான மெலனி ஜோன்ஸ். 2023 பிப்ரவரியில் வெளியான அவர்கள் கட்டுரை 26 கள ஆய்வுகளை எடுத்து அலசியது. தாங்களே பங்கெடுத்த ஆய்வுகளையும் விடவில்லை. அவர்கள் சொன்னதன் சாரம்: காடெங்கும் இந்த வலை இருக்கிறது என்று சொல்லப் போதிய வரைபடம் இல்லை, முறையாக வரைந்தது இரண்டே இரண்டு மர இனங்களுக்கு. கன்றுக்கு வலையால் நன்மை என்பது சில இடத்தில் சரி, பல இடத்தில் இல்லை, சில இடத்தில் தீமை. தாய்மரம் தன் பிள்ளையை இனம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் செய்து வெளியான ஓர் ஆய்வுகூட இல்லை.

முதல் குற்றச்சாட்டை நம் ஊர்ப் படத்தில் பார்த்தால் விளங்கும். இரண்டு வீட்டுக் கூரையிலும் ஒரே பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது. இலையைப் பறித்து மரபணு பார்த்தால் ஒரே கொடி என்று வரும். ஆனால் நடுவில் ஆடு கடித்து அறுந்திருக்கிறதா, அறுந்த பின் இரண்டும் தனித்தனியாக வேரூன்றிவிட்டனவா என்பதை இலை சொல்லாது. பெய்லரின் வரைபடம் இலையைப் பார்த்தது. கோடுகள் நாம் போட்டவை. சிடார் விஷயமும் இப்படித்தான். சிடாரின் வேர் வேறு, பூஞ்சை வேறு; அது குறைவாக எடுத்ததை வைத்து மற்ற இரண்டுக்கும் இடையே கார்பன் இழைவழியேதான் போனது, மண்ணில் கசிந்து போகவில்லை என்று அறுதியிட முடியுமா?

சிமார்டும் சும்மா இருக்கவில்லை, பதில் எழுதினார். ஆய்வகமும் காடும் சேர்ந்துதான் சான்று, ஒவ்வொரு இழையையும் தனியே பிய்த்துப் பார்த்தால் காடு தெரியாது என்பது அவர் தரப்பு. எனக்குப் படுவது இது: மூவர் கேட்ட கேள்விகள் நியாயமானவை, கேட்டே ஆக வேண்டியவை. தாயும் பிள்ளையும் பற்றிய பகுதி சான்றைத் தாண்டி ஓடிவிட்டது. ஆனால் பிர்ச் வழக்கு அதோடு சேர்ந்து விழுந்துவிடவில்லை. பிர்ச் போனால் வேரழுகல் கூடுகிறது. பிர்ச் சருகு மண்ணுக்கு உரம். பூஞ்சைக்கு இடம்கொடுத்து வைத்திருக்கும் பழைய வேர்கள் இருந்தால் கன்று பிடிக்க வாய்ப்பு அதிகம். கார்பன் எந்த வழியே போனது என்பதில் தகராறு இருக்கட்டும். பிர்ச்சைக் களை என்று எழுதிவைத்தது தவறு என்பதற்கு இவையே போதும்.

குப்பை மரம் தந்த மருந்து

2010களின் தொடக்கத்தில் சிமார்டுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இரண்டு மகள்கள் வளர்ந்துகொண்டிருந்த நேரம். சிகிச்சையில் அவருக்கு ஏறிய மருந்துகளில் ஒன்று பாக்லிடாக்சல்.

அந்த மருந்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் புரியும். பசிபிக் கரைக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் யூ என்றொரு குட்டை மரம் வளரும். மரம் வெட்டுகிறவர்களுக்கு அது குப்பை. பெருமரத்தை இழுத்துப் போன பிறகு மிச்சத்தோடு போட்டுக் கொளுத்துவார்கள். 1962இல் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்துக்காகச் செடிச் சரக்கு சேகரித்தபோது அதன் பட்டையும் மூட்டையில் சேர்ந்தது. அதிலிருந்து பிரித்த பொருளின் அமைப்பை 1971இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால் என்ற அமெரிக்கரும், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணியும். 1992இல் சூல்பைப் புற்றுக்கும், இரண்டாண்டு கழித்து மார்பகப் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகள் வரை எங்கும் ஏற்றப்படும் மருந்து அது.

காட்டில் கொளுத்திப் போட்ட களை. சிமார்ட் குணமானார். பிறகு யூ மரங்களின் வேர்க் கூட்டாளிகளைப் பற்றி ஆராய ஒரு மாணவியை அனுப்பினார். 2021இல் வந்த ‘ஃபைண்டிங் தி மதர் ட்ரீ’ புத்தகத்தில் இந்தப் பகுதிகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. பட்டை சேகரிக்கப் போகும் காட்சியில் விஞ்ஞானியும் நோயாளியும் ஒரே ஆள்.

ஒன்பது காடுகள்

புகழுக்கும் சர்ச்சைக்கும் நடுவே அவர் தொடங்கிய பெரிய வேலை ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. 2015இல் தொடங்கிய தாய்மரத் திட்டம். பெயரை விட்டுவிடுங்கள், திட்டம் திடமானது. மாகாணத்தின் வறண்ட வெப்பப் பகுதியிலிருந்து குளிர்ந்த ஈரப் பகுதி வரை ஒன்பது காடுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து விதமான வெட்டு. ஒரு துண்டில் முழு மொட்டை. ஒன்றில் விதைக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள். ஒன்றில் 30 சதவீதம் மிச்சம், ஒன்றில் 60 சதவீதம். ஒன்றைத் தொடவே இல்லை. பிறகு எல்லாத் துண்டுகளிலும் பல இனக் கன்றுகளை, பல தட்பவெப்பத்திலிருந்து வந்த விதைகளில் வளர்த்து நட்டார்கள். எது பிழைக்கிறது, மண்ணில் எவ்வளவு கார்பன் தங்குகிறது, எத்தனை வகைச் செடிகள் திரும்பி வருகின்றன என்று கணக்கு எடுக்கிறார்கள். தொடங்கியவர் முடிவைப் பார்க்கப் போவதில்லை. பனங்கொட்டை ஊன்றுகிற மாதிரியான வேலை.

இதுவரை வந்த கணக்கில், மொட்டையடித்த இடத்தில் கார்பனும் பல்லுயிரும் அதிகம் போகின்றன, மரங்களை விட்டுவைத்த இடத்தில் குறைவாகப் போகின்றன. இதைச் சொல்ல மரம் பேச வேண்டியதில்லை. தாத்தா குதிரை பூட்டி இழுத்த காலத்து வெட்டு ஏன் காட்டைக் கொல்லவில்லை என்பதற்குப் பேத்தி எண்களில் விடை எழுதுகிறார்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு வேலையும் நடக்கிறது. சிம்ஷியன் பழங்குடியைச் சேர்ந்த விஞ்ஞானி தெரேசா ரையனோடு சேர்ந்து சால்மன் மீனுக்கும் காட்டுக்கும் உள்ள உறவைத் தேடுகிறார். முட்டையிட ஆற்றில் எதிரேறி வரும் சால்மனைக் கரடி பிடித்துக் காட்டுக்குள் இழுத்துப்போய் நல்ல சதையைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். அந்த மீனின் நைட்ரஜன் கரையோர மரங்களின் ஆண்டு வளையங்களில் இருப்பதை டாம் ரைம்சென் என்ற ஆய்வாளர் முன்பே காட்டியிருக்கிறார். மீன் உடம்பிலிருந்து மரத்துக்குள் போகும் வழியில் பூஞ்சையின் பங்கு என்ன என்பது இவர்கள் கேள்வி. அங்குள்ள பழங்குடிகளைக் கேட்டால், மீனும் மரமும் உறவு என்பது அவர்களுக்குச் செய்தியே இல்லை.

மண்ணுக்கடியைக் காப்பது இன்று சிமார்டோடு நிற்கும் விஷயமும் இல்லை. டோபி கியர்ஸ் என்ற உயிரியலாளர் 2021இல் தொடங்கிய ஸ்பன் அமைப்பு உலகத்து வேர்ப்பூஞ்சைகளுக்கு வரைபடம் போடுகிறது. 130 நாடுகளின் மண்ணிலிருந்து வந்த 280 கோடிப் பூஞ்சை மரபணுத் தொடர்களைக் கொண்டு 2025இல் வெளியிட்ட வரைபடத்தின்படி, பூஞ்சை வளம் மிகுந்த இடங்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணையான கார்பன் செடிகளிலிருந்து இந்தப் பூஞ்சைகளுக்குப் போகிறது என்பது 2023இல் வந்த ஒரு மதிப்பீடு. போனதெல்லாம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. என்றாலும் புலிக்கும் யானைக்கும் சரணாலயம் வரைந்தபோது இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

சிமார்ட் முதல் கன்றைப் பிடுங்கிப் பார்த்த லில்லூவெட்டுக்குத் தெற்கே, அதே ஃபிரேசர் ஆற்றங்கரையில் லிட்டன் என்ற சிற்றூர் இருந்தது. 2021 ஜூன் 29 அன்று அங்கே வெயில் 49.6 டிகிரி செல்சியஸ். கனடா வரலாற்றில் அதற்கு முன் அப்படிக் காய்ந்ததில்லை. மறுநாள் ஊரே எரிந்து சாம்பலானது. 2023இல் அந்த மாகாணத்தில் மட்டும் 28 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது. பிசின் நிறைந்த ஊசியிலை மரங்கள் மட்டும் வரிசையாக நிற்கும் காட்டில் தீ ஓட்டமாய் ஓடும். நடுவில் ஆஸ்பென் போன்ற அகன்ற இலை மரங்கள் ஈரத்தோடு நின்றால் தடுக்கி நிற்கும். பல ஆண்டுகளாக வானிலிருந்து மருந்து தெளித்து ஒழித்த களைகளில் அவையும் அடக்கம்.

கிழக்கே கியூபெக் மாகாணம் 2001ஆம் ஆண்டிலேயே அரசுக் காடுகளில் களைக்கொல்லியை நிறுத்திவிட்டது. தேவைப்படும் இடத்தில் ஆள் வைத்து வெட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெளிப்பு பெருமளவு குறைந்திருக்கிறது. முழுத் தடை இன்னும் வரவில்லை.